திருமுக்கூடல் ஆதுலர் சாலையும் காஞ்சித் தறியும்

காஞ்சி நகரை ஒட்டி ஓடும் வேகவதி, தென்கிழக்கே சென்று பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கின்ற இடத்திற்குத் திருமுக்கூடல் என்று பெயர். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் மிக நீண்டதொரு கல்வெட்டு உண்டு. சோழ மன்னன் வீரராசேந்திரனுடைய ஆறாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டில், அது பொறிக்கப்பெற்றது. இந்திய மருத்துவ வரலாறு எழுதுவோர் பலரும் அதனை எடுத்துக்காட்டுவர்; 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று அதில் கூறப்படுவதே காரணம். அந்த எண்ணை மட்டும் பெருமையோடு சொல்லிவிட்டு அப்பாற் செல்வது நம்மவர் வழக்கம். ஆனால், கல்வெட்டை முழுவதும் நோக்கினால், மருத்துவச் செய்தியைக் காட்டிலும் சட்டச் செய்தியும் கணக்குச் செய்தியுமே அதில் மிகுதியாக இருக்கக் காண்கிறோம்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்லுகிறது. வயலைக்காவூர் என்னும் ஊர் செலுத்தவேண்டிய 75 கழஞ்சுப் பொன் இந்த அறத்திற்கென ஒதுக்கப்பட்டது. பின்னர், அந்த வருவாய் எவ்வெவற்றிற்குச் செலவாக வேண்டும் என்பது வருகிறது. கோயிற் பூசைக்கும் விழாவிற்கும் ஒரு பங்கு. வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்விச்சாலைக்கும் மாணவர் விடுதிக்கும் ஒரு பங்கு. வீரசோழன் என்று பெயரிட்ட ஆதுலர் சாலைக்கு ஒரு பங்கு. ஆதுலர் என்பார் நோயாளிகள். விடுதி மாணவர் சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு வேண்டிய எண்ணெயும் கணக்கில் ஏறியிருக்கிறது. இன்று விடுதியில் வாழும் மாணவர்கள் இதனைப் படித்துச் சற்றே பொறாமை கொள்ளக்கூடும்.

ஆதுலர் சாலையின் பணியாளர் பட்டியல் இன்னும் சுவையானது. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வார்க்கு 30 கலம் நெல். மருந்துச் சரக்குக் கொணர்ந்து, விறகு இட்டு, மருந்து அடுவதற்கு உதவும் ஆட்கள் இருவர். நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு. ஓராண்டிற்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளாக வாசா அரீதகி, தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாணக லவணம் முதலியவை பெயர் பெயராகக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

மருத்துவக் கல்லூரி மாணவர் இப்பட்டியலைப் பார்த்தால் மருந்துகளின் பெயரில் கண் செல்லும். சட்டம் பயில்வார்க்கு வேறொன்று தோன்றும்: இது அரசன் ஆணை, வருவாய் வரையறுக்கப்பட்டிருக்கிறது, செலவு தலைப்புத் தலைப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது, கல்லில் வெட்டப்பட்டமையால் பின்வரும் அதிகாரி எளிதில் மாற்ற முடியாது. சமூகவியல் பயில்வாரோ ஊதியங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார். மருந்து கொடுப்பவர் பெறும் நெல்லில் மூன்றில் ஒரு பங்கையே கத்தி பிடிப்பவர் பெறுகிறார். நோயாளியின் அருகிலேயே நாள் முழுதும் இருக்கும் பெண்களின் பங்கு அதனினும் குறைவு. அக்காலச் சமூகம் எந்த உழைப்பை எவ்வளவு மதித்தது என்பதற்கு இந்த நெற்கணக்கைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எல்லாவற்றினும் முதன்மையான வினா ஒன்றுண்டு. அந்த 15 படுக்கைகளில் யார் படுக்கலாம்? கோயிலையும் கல்விச்சாலையையும் சார்ந்தோர்க்கென ஏற்பட்ட சாலை அது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆற்றங்கரையில் உழுதவர்க்கும், வயலைக்காவூரில் அந்தப் பொன்னை உழைத்துச் செலுத்தியவர்க்கும் அதில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை. செலுத்துவோர் ஒரு சாரார், பெறுவோர் மற்றொரு சாரார். அறக்கட்டளையின் பெருந்தன்மையை மறுக்காமலே இதனை நாம் கவனிக்கலாம்.

இனிக் காஞ்சி நகருக்குள் வருவோம். பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலுக்கு அருகே உலகளந்த பெருமாள் கோயில் இருக்கிறது. ஊரகம் என்பது அதன் பழம்பெயர். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனுடைய செப்பேடுகள், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளவை, இக்கோயிலின் நிவந்தங்களைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. கோயிற் காரியத்தையும் கணக்கையும் மேற்பார்க்கும் பொறுப்பு, காஞ்சியில் வாழ்ந்த நெசவாளராகிய பட்டசாலியரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதை அவற்றால் அறிகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் நெசவாளர் பிறர் ஏற்படுத்திய அறத்தின் கணக்கைக் காத்தவர்கள். அவர்களுடைய உடல்நலத்தைக் காக்கும் கணக்கு எங்கே எழுதப்பட்டது என்று தேடினால் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது.

பட்டு நெசவாளர் வேலை செய்வது குழித்தறியில். கால்கள் குழிக்குள் மிதியை மிதிக்க, இடுப்பு வளைந்து, கண் சரிகை இழையின்மேல் நிலைத்திருக்க, நாளெல்லாம் ஒரே இருக்கை. முதுகும் முழங்காலும் பார்வையும் தேய்வது வியப்பன்று. தறி இருப்பதோ பெரும்பாலும் வீட்டிற்குள்ளேயே. மனைவி இழை பிரிப்பார். வயது முதிர்ந்த தாய் தார் சுற்றுவார். கூலி ஒரு முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ வரும். இக்குடும்பம் தொழிலாளர் குடும்பமா, சிறு தொழில் நடத்தும் குடும்பமா? பிள்ளையார்பாளையத்துத் தெருவில் கேட்டால் அந்த வினாவே வேடிக்கையாகத் தோன்றும். சட்டத்திற்கு அது வேடிக்கையன்று.

ஜெர்மனி 1883-லேயே தொழிலாளர்க்கு நோய்க்காலக் காப்பீட்டைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும், 1955-இல் கோயம்புத்தூரிலும் அத்திட்டம் தொடங்கிற்று. நோய் வந்தால் இலவச மருத்துவமும் கூலி இழப்பிற்கு ஈடும் கொடுத்த மிகச் சிறந்த சட்டம் அது. ஆனால் அது முதலில் பற்றியது, விசையைப் பயன்படுத்தி 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொண்டு நடக்கும் தொழிற்சாலைகளை மட்டுமே. கோவைப் பஞ்சாலையில் நூல் நூற்றவர் அதற்குள் வந்தார். காஞ்சிக் குழித்தறியில் விசையும் இல்லை, 20 பேரும் இல்லை. அவர் வெளியே நின்றார்.

1985-இல் கைத்தறிக்கென்று மற்றொரு சட்டம் வந்தது. சேலை முதலிய சில துணி வகைகளைக் கைத்தறியே நெய்ய வேண்டும், விசைத்தறி நெய்யலாகாது என்று ஒதுக்கிய சட்டம். கைத்தறி என்பதற்கு அது கூறிய இலக்கணம் மிக எளிது: விசைத்தறி அல்லாத தறி. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து இவ்விரு சட்டங்களையும் படித்தல் வேண்டும். விசை இல்லை என்ற காரணத்தால் நெசவாளரின் துணிக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. விசை இல்லை என்ற அதே காரணத்தால் நெசவாளரின் உடலுக்குப் பாதுகாப்புக் கிடைக்காமற் போயிருந்தது. இரண்டு சட்டங்களையும் இயற்றியவர்கள் தீயவர்கள் அல்லர். ஒரு கட்சி துணியைப் பார்த்தது, மற்றொன்று ஆலையைப் பார்த்தது. வீட்டுக்குள் குழியில் அமர்ந்திருந்தவரை இரண்டுமே பார்க்கவில்லை.

குழந்தைகள் செய்தியும் இவ்வாறே. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்குத் தறியில் மற்றொருவர் துணை வேண்டும். அத்துணை நெடுங்காலம் சிறுவர் கையாகவே இருந்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவைத் தடுக்கப்பட்ட தொழில்களில் சேர்த்தது; ஆயினும், ஒருவர் தம் குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் தொழிற்கூடத்திற்கு விலக்கும் அளித்தது. வீட்டுத்தறியின் வாசலில் சட்டம் மீண்டும் நின்றுவிட்டது.

இத்தகைய ஆராய்ச்சியைச் சட்டமும் சமூக அறிவியலும் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இப்போது மேற்கொள்கின்றன. உடல்நலத்தை மருத்துவர் மட்டும் அறியத்தக்க பொருளாகக் கருதாத நோக்கு ஐரோப்பாவில் பழமையானது. 1848-இல் மேல் சைலீசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்ற மருத்துவர் ருடால்ப் விர்க்கோ, மருந்துகளைக் கூறுவதோடு நில்லாமல் மக்களுக்குக் கல்வியும் உரிமையும் வேண்டும் என்று அரசுக்கு அறிக்கை எழுதினார். நம் நாட்டிலும் 1996-இல் உச்ச நீதிமன்றம், மேற்கு வங்காளத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், காலத்தில் சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் படிக்க மருந்தியல் தெரிய வேண்டுவதில்லை. படுக்கை இல்லை என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த விதியும் எந்த வரவுசெலவும் நிற்கின்றன என்று தேடத் தெரிந்தால் போதும்.

அந்தத் தேட்டத்தை நெசவாளர் வீட்டிலேயே தொடர்வோம். 2005-இல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்க்கென ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நெடுங்காலத்திற்குப் பின் வாசற்படி தாண்டி வந்த திட்டம் என்றே இதனைச் சொல்லலாம். அதில் குடும்பம் என்பதற்கு நெசவாளர், அவர் துணைவர், இரு குழந்தைகள் என்று பொருள் கூறப்பட்டது. தார் சுற்றும் தாய் அந்தக் குடும்பத்தில் இல்லை. மூன்றாம் குழந்தையும் இல்லை. தறியின் முன்னே அமர்ந்து பார்த்த எவரும் இவ்வாறு வரையறுத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். அலுவலகத்தில் காப்பீட்டுக் கட்டணத்தைப் பெருக்கிப் பார்த்தவர் வரைந்த வரையறை இது.

2009-இல் தமிழக அரசு ஏற்படுத்திய காப்பீட்டுத் திட்டம் வேறொரு வழியில் சென்றது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் என்பதும், தொழிலாளர் நலவாரிய உறுப்பினர் என்பதும் அதற்கு அளவுகோல்கள். சார்ந்து வாழும் பெற்றோரும் குடும்பத்தில் சேர்க்கப்பட்டனர். 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வருமானத்தையே அடிப்படையாகக் கொண்டது. தாய் உள்ளே வந்துவிட்டார். ஆனால் தார் சுற்றியவர் என்ற முறையில் அன்று, வறியவர் ஒருவரைச் சார்ந்தவர் என்ற முறையில். அறுவை சிகிச்சைக்கு அத்திட்டம் பெரிதும் உதவுகிறது. நாள்தோறும் தேயும் முதுகுக்கும் மங்கும் கண்ணுக்கும், அவை தொழிலால் வந்த நோய்கள் என்று பெயரிட்டு ஈடு தரும் ஏற்பாடு அதில் இல்லை. கோவை ஆலைத் தொழிலாளிக்கு 1955-இல் கிடைத்த, நோயுற்ற நாட்களுக்கான கூலி, குழித்தறிக்காரருக்கு அதில் கிடைப்பதில்லை. தறி நின்ற நாளில் அவர் வீட்டில் கூலியும் நின்றுவிடுகிறது.