மாணவரைத் திடலுக்கு அழைக்கும் குறுஞ்செய்தி: எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது?

தோட்டத்தில் உழைத்த தலைமுறைக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கி நடந்ததே போதும் போதும் என்றிருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிப் பேருந்தில் போய் வருகிறார்கள். பின்பு டியூஷன், அதன் பின்பு கைப்பேசி. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் பல வீடுகளின் அன்றாடம் இதுதான்.

அதே வீடுகளில் பாட்டிக்கோ அப்பாவுக்கோ இனிப்பு நீர் இருப்பதும் புதிதல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் இதன் விகிதம் அதிகம். குடும்பத்தில் இந்நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஓட்டமும் ஆட்டமும் வெறும் பொழுதுபோக்கு அல்ல.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு அசைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைப் பார்த்தபோது, 11 முதல் 17 வயது மாணவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்: 85 விழுக்காடு.

நம் பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை செகாக் எனும் உடற்தகுதிச் சோதனை ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது. மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்குவதும் தண்டால் எடுப்பதும் அதில் அடக்கம். பிள்ளையின் நிலை என்ன என்பதை அது காட்டும். ஆனால் இரண்டு சோதனைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் அவனை அசைய வைப்பது யார்? இந்த இடைவெளியை நிரப்பத்தான் பல நாடுகளில் கைப்பேசிச் செய்தியைச் சோதித்துப் பார்த்துள்ளனர்.

தனிப்பட்ட செய்தி என்றால் என்ன?

"உடற்பயிற்சி செய்வீர், நோயைத் தவிர்ப்பீர்" என்று நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போவது அறிவிப்பு. பெறுபவரின் வயது, விருப்பம், ஓய்வு நேரம், இப்போது அவர் இருக்கும் நிலை ஆகியவற்றை அறிந்து எழுதுவதே தனிப்பட்ட செய்தி. பெயரைச் சேர்த்துவிட்டால் மட்டும் அது தனிப்பட்டதாகிவிடாது.

இதில் 'நிலை' முக்கியம். பழக்கம் மாறுவதை ஆய்வாளர்கள் ஐந்து படிகளாகப் பிரிக்கின்றனர்: மாறும் எண்ணமே இல்லாதவர், யோசிப்பவர், தயாராகிறவர், தொடங்கிவிட்டவர், தொடர்ந்து செய்பவர். யோசிப்பவருக்கு அனுப்ப வேண்டியதைத் தினமும் பந்து விளையாடுபவருக்கு அனுப்பினால் அது வீண்.

சென்னை ஆய்வு

நமக்கு நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வருகிறது. நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, இலண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் சேர்ந்து தென்னிந்தியாவில் வேலைக்குச் செல்லும் 537 ஆண்களிடம் இதைச் சோதித்தது. எல்லாரும் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் கிடைத்தது. மறுபாதியினருக்கு, அவரவர் நிலைக்கும் வசதியான நேரத்துக்கும் ஏற்ற குறுஞ்செய்திகளும் சென்றன. 2013இல் முடிவு வெளியானது. செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கே வந்தது.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரிதாக மாறியது அவர்களின் உணவுப் பழக்கம். உடல் அசைவில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. பின்னர் இந்தியாவிலும் பிரிட்டனிலும் 2,062 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2020இல் வந்தபோது, குறுஞ்செய்தியால் நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆக, தட்டில் உள்ள சோற்றைக் குறைக்கச் சொல்வதைவிட நாற்காலியிலிருந்து எழ வைப்பது கடினம்.

மாணவர்களிடம் சோதித்தபோது

இங்கிலாந்தில் 16 முதல் 19 வயது வரையுள்ள 120 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. இரண்டு வாரத்துக்கு நாளொரு செய்தி. சிலருக்கு "உடலுக்கு நல்லது" என்று நன்மையைச் சொல்லும் செய்தி. சிலருக்கு "விளையாடினால் மனம் இலேசாகும், உற்சாகம் வரும்" என்று உணர்வைத் தொடும் செய்தி. முன்பு அதிகம் அசையாத மாணவர்களில் கூடுதலாக முன்னேறியவர்கள் இரண்டாவது வகைச் செய்தியைப் பெற்றவர்களே. நோயைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, விளையாட்டின் சுகத்தை நினைவூட்டுவது இளையோரிடம் எடுபடுகிறது.

மறுபக்கமும் உண்டு. நியூசிலாந்தில் முதல் வகை நீரிழிவு உள்ள 78 இளையோருக்கு நடையை எண்ணும் கருவியும் வாரம் ஒரு செய்தியும் 12 வாரம் கொடுத்தனர். பலன் இல்லை. அமெரிக்காவில் பெரியவர்கள் 44 பேரிடம் ஆறு வாரம் நடந்த சோதனையில், நடக்கச் சொன்ன செய்திகள் முதல் சில நாள் நன்றாக வேலை செய்தன. பின்பு பழகிப்போய், பலன் தேய்ந்தது.

தோட்டப்புறத்தில் செய்வதென்றால்

பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயில் இளைஞர் பிரிவோ, விளையாட்டு மன்றமோ இதைத் தொடங்கப் பெரிய செலவு ஆகாது. ஆனால் சிலவற்றை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

* யாருடைய கைப்பேசி? தமிழ்ப்பள்ளி மாணவருக்குப் பெற்றோரின் எண்ணே பொருத்தம். இடைநிலைப்பள்ளி மாணவரென்றால் பெற்றோரின் அனுமதி பெற்ற பிறகே செய்தி அனுப்ப வேண்டும். பிள்ளையின் எடையையோ செகாக் புள்ளியையோ புலனக் குழுவில் போடவே கூடாது. கேலிக்கு ஆளான பிள்ளை திடல் பக்கமே வராது.

* எந்த நேரம்? பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு போவதில்லை. காலைச் செய்தியால் பயனில்லை. மாலை ஐந்து மணி வாக்கில், வெயில் தணியும்போது அனுப்பலாம். மழை நாளிலும் புகைமூட்ட நாளிலும் வீட்டுக்குள் செய்யக்கூடியதைச் சொல்ல வேண்டும்.

* எந்த மொழி? பிள்ளை வீட்டில் பேசும் தமிழே போதும்.

* எத்தனை முறை? வாரம் இரண்டு மூன்று. ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் படிக்காமலே அழித்துவிடுவார்கள்.

செய்தி சிறியதாக, இன்றே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். காற்பந்து பிடித்த பையனுக்கு: "தம்பி, மழை விட்டிருச்சு. ஆறு மணி வரைக்கும் திடல்ல பந்து உதைக்கலாம், கூட்டாளியையும் கூப்பிடு." வெளியே போக முடியாத பெண் பிள்ளைக்கு: "ஹோம்வொர்க் முடிஞ்சதா? பிடிச்ச பாட்டு மூணு போட்டு ஆடு. எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுது." பதில் வந்தால் ஆசிரியரோ பயிற்றுநரோ மறுமொழி தர வேண்டும். செய்திக்குப் பின்னால் தன்னை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைக்கும் பதில் எழுதத் தோன்றும்.

பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகமும், புஞ்சாக் ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும் உள்ளன. வீட்டை விட்டுத் தங்கிப் படிக்கும் மாணவருக்கும் இதே முறை பொருந்தும். அவர்கள் நேரத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம்.

செய்தியால் முடியாதது

லாரிகள் விரையும் சாலையோரத்தில் நடைபாதையைக் குறுஞ்செய்தி போட்டுத் தராது. புல் மண்டிய திடலை வெட்டாது. இருட்டிய பிறகு பெண் பிள்ளைகள் பயமின்றி நடக்க விளக்கும் ஏற்றாது. ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் எவ்வளவு ஓடலாம் என்பதையும் கிளினிக்கில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே, பிள்ளைகளுக்கு முதல் செய்தியை அனுப்பும் முன், பெரியவர்கள் ஒரு மாலை அந்தத் திடலுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. புல் வெட்டியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா, பந்து இருக்கிறதா? இவை மூன்றும் இருந்தால் "வா" என்ற ஒரு சொல்லுக்கே பிள்ளைகள் ஓடி வருவார்கள்.