கோதாவில் உடலளவு: காமா பயில்வான் வரலாறு காட்டும் உண்மை

தமிழில் ‘பயில்வான்’ என்றவுடன் பருத்த உடலும் முறுக்கிய மீசையும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. மெலிந்த ஒருவரை அவ்வாறு அழைத்தால் அது கேலியாகிவிடும். பயிற்சி செய்பவர் என்னும் பொருளில் ‘பயில்’ என்ற தமிழ் வேரிலிருந்து இச்சொல் பிறந்ததாக எண்ணுவோரும் உளர். உண்மையில் இது பாரசீகத்தின் ‘பஹ்லவான்’ என்னும் சொல்லே. பண்டைய பார்த்தியர்களைக் குறித்த ‘பஹ்லவ்’ என்பதிலிருந்து கிளைத்து, வீரன் என்னும் பொருளில் வழங்கி, பின்னர் மற்போர் வீரனைச் சுட்டலாயிற்று. உடலின் பருமனைப் பற்றி அதன் மூலத்தில் ஒன்றுமே இல்லை.

அரபியிலும் அவ்வாறே. மற்போரை அரபியர் ‘முஸாரஆ’ என்பர். கீழே வீழ்த்துதல் என்னும் பொருளுடைய ‘ஸரஅ’ என்ற வினையே அதன் வேர். நின்றவனை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடுவதால் வலிப்பு நோய்க்கும் அவ்வேரிலிருந்தே பெயர் பிறந்தது. நம் பாட்டனார் காலத்தவர் உடற்பயிற்சியைக் ‘கசரத்து’ என்று சொன்னார்களே, அதுவும் மிகுதி என்னும் பொருளுடைய அரபிச் சொல்தான். ஒரே அசைவைப் பன்முறை செய்வதால் வந்த பெயர். ஆக, இக்கலையின் சொற்கள் வீழ்த்துதலைச் சொல்கின்றன, பயிற்சியைச் சொல்கின்றன. உடலளவை இக்கலையின் இலக்கணமாக ஆக்கியவை பார்ப்பவர்களின் கண்களே.

கண்ணளவு பிழைத்த ஒரு நிகழ்ச்சியைத் தாரீக் நூல்களிலேயே காண்கிறோம். ஹிஜ்ரீ 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போருக்குப் புறப்பட்டபோது, வயதில் இளையவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) சிறந்த வில்லாளி என்று எடுத்துச் சொல்லப்படவே, அவருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. உடனே ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி), தம்மால் ராஃபிஉவைக் கீழே வீழ்த்த முடியும் என்று முறையிட்டார். இருவரும் மற்போரிட, ஸமுரா வென்றார்; அவரும் படையில் சேர்க்கப்பட்டார். மக்காவின் பெரும் பலசாலியான ருகானாவை நபிகளார் மற்போரில் வீழ்த்திய செய்தியும் பலரும் அறிந்ததே. அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெறும் அவ்வறிவிப்பின் தொடர் உறுதியானதன்று என்பதை இமாம் திர்மிதீயே குறிப்பிட்டுள்ளார்கள். மேடைகளில் அதை முழங்குவோர் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

உடலளவு வெற்றியைத் தீர்மானிக்கிறதா என்னும் கேள்வியை உரசிப் பார்ப்பதற்கு, ‘மாபெரும் காமா’ என்று உலகம் அறிந்த குலாம் முஹம்மதின் வரலாற்றைவிடச் சிறந்த உரைகல் நமக்குக் கிட்டவில்லை. 1878ஆம் ஆண்டு பிறந்த அவர், பஞ்சாபின் அமிர்தசரஸ் வட்டாரத்தில் வாழ்ந்த கஷ்மீரி மரபு மற்போர்க் குடும்பத்தவர். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். தாய்வழி உறவினரே அவரைக் கோதாவுக்குப் பழக்கினர். 1888இல் ஜோத்பூர் மன்னர் நடத்திய உடல்வலிமைப் போட்டியில், பத்து வயதுப் பாலகனாக, நூற்றுக்கணக்கான பயில்வான்களுக்கு இடையே பஸ்கி எடுத்து இறுதிவரை நின்று பரிசு பெற்றார். பின்னர் தத்தியா சமஸ்தானம் அவரை ஆதரித்தது. பாலும் பாதாமும் நெய்யும் இறைச்சியும் அன்றாடம் வேண்டிய கலை இது. ஏழை வீட்டுப் பிள்ளையின் உடல் அரண்மனைச் சமையற்கட்டின்றி வளராது. உடலளவைப் பற்றிப் பேசுவோர், அவ்வளவுக்கு யார் விலை கொடுத்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

காமாவின் உயரம் ஏறத்தாழ 5 அடி 7 அங்குலம். 1910இல் சரத் குமார் மித்ரா என்னும் வங்காளச் செல்வரின் பொருளுதவியோடு தம்பி இமாம் பக்ஷ் முதலியோருடன் அவர் லண்டன் சென்றபோது, உயரக்குறைவைக் காரணம் காட்டி அங்குள்ள போட்டியில் முதலில் இடமளிக்க மறுத்தனர் என்று வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. எந்த எடையினராயினும் மூவரை அரைமணி நேரத்திற்குள் வீழ்த்துவதாகக் காமா அறைகூவல் விடுத்தார். அடிமை நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஆளும் நாட்டின் தலைநகரில் இவ்வாறு அறிவித்ததை லண்டன் முதலில் விளம்பர உத்தியாகவே கருதியது. ஆகஸ்ட் மாதம், ஆறடிக்கு மேல் உயரமுள்ள அமெரிக்க வீரர் டாக்டர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதல் முறை இரண்டு நிமிடத்திற்குள்ளும், மறுமுறை பத்து நிமிடத்திற்குள்ளும் அவருடைய முதுகு தரையைத் தொட்டது.

இதுவரை கதை நேரானது. சிறியவர் பெரியவரை வென்றார் என்று எழுதி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கின்றனர். ஆனால் 1910 செப்டம்பர் 10ஆம் நாள் நடந்தது அவ்வளவு எளிதில் அடங்காது.

அன்று லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலிருந்த பெருவிளையாட்டரங்கில், ‘ஜான் புல்’ பட்டத்துக்காகவும் 250 பவுன் பரிசுக்காகவும் போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவைக் காமா எதிர்கொண்டார். ஸ்பிஷ்கோவை வானளாவிய அரக்கனாகச் சித்திரிப்பது நம் எழுத்தாளர்களின் வழக்கம். அது பிழை. உயரத்தில் அவரும் காமாவும் ஏறத்தாழ ஒத்தவர்களே. வேறுபாடு எடையில் இருந்தது: காமா சுமார் 90 கிலோ, ஸ்பிஷ்கோ சுமார் 118 கிலோ. தொடங்கிய ஒரு நிமிடத்திற்குள் காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். அதன் பின்னர் ஸ்பிஷ்கோ எழவே முயலவில்லை. விரிப்போடு விரிப்பாகக் கவிழ்ந்து படுத்துக் கொண்டார். இரண்டு மணி 35 நிமிடங்கள் சென்றபின்னும் அவருடைய தோள்களைக் காமாவால் தரையில் பதிக்க இயலவில்லை. போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து, 17ஆம் நாள் மீண்டும் மோதுவதாக ஏற்பாடு. அன்று ஸ்பிஷ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கு வழங்கப்பட்டது.

இரண்டரை மணி நேரம் அங்கே நிகழ்ந்தது என்ன? நம் நாட்டுக் குஸ்தியில் புள்ளிக் கணக்கு கிடையாது. மல்லாந்து விழுந்து இரு தோள்களும் மண்ணில் படுவதே தோல்வி. அதைச் ‘சித்’ என்பர். அக்கலையின் நுட்பம் பெரும்பாலும் எதிராளி முன்னேறும் வேகத்தை அவனுக்கு எதிராகவே திருப்புவதில் உள்ளது. எதிராளி தள்ளினால் இழுக்கலாம், இழுத்தால் தள்ளலாம். தள்ளாமலும் இழுக்காமலும் கவிழ்ந்து கிடப்பவனிடம் கடன் வாங்க எந்த வேகமும் இல்லை. அவனைப் புரட்ட வேண்டுமானால் அவன் பாரம் முழுவதையும் தன் கைகளால் எடுத்தாக வேண்டும். 118 கிலோ எடையுள்ள பயிற்சி பெற்ற வீரர் கைகால்களைப் பரப்பித் தரையோடு ஒட்டிக் கிடந்தால் அது மூட்டையைப் புரட்டுவது போலன்று; ஒவ்வொரு முயற்சிக்கும் அவர் தம் பாரத்தை மறுபக்கம் மாற்றிக் கொள்வார். ஸ்பிஷ்கோவின் எடை அன்று அவருக்கு வெற்றியைத் தரவில்லை. தோல்வியிலிருந்து காத்தது. உடலளவு வாளாகப் பயன்படுவதைக் காட்டிலும் கேடயமாகவே பயன்படுகிறது என்று நாம் கருதுவதற்கு இப்போட்டியே முதற்சான்று.

இரண்டாம் சான்று இதற்கு முந்தியது. இருபது வயதும் நிறையாத காமா, குஜ்ரன்வாலாவின் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை எதிர்த்தார். ரஹீம் ஏழடியை நெருங்கும் உயரமுடையவர். அக்காலத்தில் நடுவயதைத் தொட்டிருந்தார். வேகத்தில் இளைஞரும் அனுபவத்தில் மூத்தவரும் சளைக்காத அந்த நெடிய மோதல் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இங்கும் பேருடல் வெல்லவில்லை, தோற்கவும் இல்லை.

காமாவைச் ‘சின்னஞ்சிறு மனிதர்’ என்று வருணிப்பதும் நேர்மையாகாது. 90 கிலோ எடையும் அகன்ற மார்பும் தூண் போன்ற கழுத்தும் உடையவர் அவர். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து உருவான உடல் அது. பரோடா அருங்காட்சியகத்தில் அவர் பெயரால் ஒரு பெருங்கல் வைக்கப்பட்டிருக்கிறது. 1902இல் அவர் தூக்கியதாகச் சொல்லப்படும் அக்கல்லின் எடை 1,200 கிலோ என்கின்றனர். அந்த எண்ணை அப்படியே ஏற்க நம் அறிவு தயங்குகிறது. எனினும் கல்லைத் தேடி வைக்கும் அளவுக்கு அவருடைய வலிமை மக்கள் மனத்தில் பதிந்திருந்தது என்பதில் ஐயமில்லை. அவர் குட்டையானவர், சிறியவர் அல்லர்.

அளவு ஒரு பொருட்டே அன்று என்று யாரேனும் வாதிட்டால், போட்டி விதிகளை வகுத்தோர் அதை ஏற்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மற்போருக்கு எடைப்பிரிவு இல்லை. அதில் கார்ல் ஷூமான் என்னும் குள்ளமான ஜெர்மானியர், தம்மைவிட மிகப் பெரிய பளுதூக்கும் வீரர் லான்செஸ்டன் எலியட்டை வீழ்த்திப் பட்டமும் வென்றார். அத்தகைய வெற்றியைக் கண்டபின்னும் 1904 முதல் எடைப்பிரிவுகளை ஏற்படுத்தினார்கள். ஏனெனில் திறமை சமமாயிருக்கும் இடத்தில் பாரமே மிஞ்சும்.

அப்படியானால் தொழில்முறை மல்யுத்தம் மட்டும் ஏன் பேருடல்களைத் தேடி அலைந்தது? இதற்கு விடை ஸ்பிஷ்கோவின் பிற்கால வாழ்விலேயே கிடைக்கிறது. 1920களில் அமெரிக்காவில் இத்தொழில் முடிவுகளை முன்கூட்டியே பேசிவைக்கும் காட்சியாக மாறியிருந்தது. கூட்டம் சேர்க்க வேண்டி, வெய்ன் மன் என்னும் கால்பந்து வீரரைப் பிடித்துவந்தார்கள். 6 அடி 6 அங்குல உயரம், கம்பீரமான தோற்றம், மற்போர்ப் பயிற்சியோ சொற்பம். 1925 ஜனவரியில் அவரைச் சாம்பியனாக்கிக் காட்டினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவில் அவரிடம் தோற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த ஸ்பிஷ்கோ, கோதாவில் இறங்கியதும் பேச்சை மீறினார். நாற்பத்தைந்து வயதைக் கடந்திருந்த அவர், அந்த நெடிய உடலை மீண்டும் மீண்டும் தரையில் சாய்த்தார். நடுவரும் உண்மையை மறைக்க வழியின்றிப் பட்டத்தை ஸ்பிஷ்கோவுக்கே அளிக்க நேர்ந்தது. வாக்கு மீறியதை நாம் புகழவில்லை. ஆனால் காட்சிக்காக வளர்த்த உடலுக்கும் கலைக்காக வளர்த்த உடலுக்கும் உள்ள வேறுபாடு அன்று மறைக்க முடியாதபடி வெளிப்பட்டது. காட்சித் தொழிலில் உடலளவு ஒரு விற்பனைச் சரக்கு. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்குப் பிடியின் நுட்பம் தெரியாது; ஏழடி உயரம் தெரியும். தொலைக்காட்சி வந்தபின்னும் இராட்சத உடல்களைத் தேடிப்பிடித்ததன் காரணம் இதுவே.

1928 ஜனவரியில் பாட்டியாலா மன்னர் காமாவையும் ஸ்பிஷ்கோவையும் மீண்டும் எதிரெதிரே நிறுத்தினார். இருவரும் ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தனர். இம்முறை விரிப்பு இல்லை. நம் நாட்டு முறைப்படி மண் குழைத்த கோதா. ஸ்பிஷ்கோ கவிழ்ந்து படுக்க அவகாசமே தரப்படவில்லை. ஒரு நிமிடத்திற்குள் அவர் மல்லாந்து கிடந்தார். லண்டனில் இரண்டரை மணி நேரம் காத்த அதே கேடயத்தை உயர்த்துவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் காமா லாகூரில் வாழ்ந்து, அங்கேயே 1960 மே மாதம் காலமானார். சமஸ்தானங்கள் மறைந்தபின் அவருடைய இறுதி நாட்கள் நோயிலும் வறுமையிலும் கழிந்தன. தாம் சந்தித்தவர்களுள் வலிமை மிக்கவர் யார் என்று கேட்கப்பட்டபோது அவர் ரோலரையோ ஸ்பிஷ்கோவையோ சொல்லவில்லை என்பர். லண்டனிலிருந்து திரும்பியபின் அலகாபாத்தில் நீண்ட நேரம் போராடி, விலா எலும்பு நொந்த நிலையில்தான் தம்மிடம் தோற்ற அந்த ஏழடி மனிதர் ரஹீம் சுல்தானிவாலாவின் பெயரையே அவர் சொன்னார்.