எட்டணாப் புத்தகமும் ஒரு பேர்க் கூலியும்

1936-ஆம் ஆண்டு மே மாதத்தில், மேடையேற வாய்க்காத ஒரு தலைமைப் பிரசங்கம் பம்பாயில் புத்தக ரூபம் பெற்று எட்டணா விலைக்கு வெளிவந்ததும், பதிப்பகம் எதுவும் பின்னால் நில்லாமல் ஆசிரியர் தாமே வெளியிட்ட அந்த ஆங்கில நூலின் 1,500 பிரதிகளும் இரண்டே மாதங்களில் தீர்ந்துபோனதும், இந்தியப் பிரசுர சரித்திரத்தில் தனியிடம் பெறத் தக்க சம்பவங்களாகும். ஆசிரியர் டாக்டர் அம்பேத்கர்; நூல், சாதியை அடியோடு ஒழிப்பது எப்படி என்பதை விசாரிப்பது.

லாகூரில் 1922-இல் தோன்றிய ஜாத்-பாத்-தோடக் மண்டலம், சாதிக் கட்டைத் தகர்ப்பதே தன் லட்சியம் என்று அறிவித்துக்கொண்ட சாதி ஹிந்துச் சீர்திருத்தவாதிகளின் சபை. அதன் உயிர்நாடியாக விளங்கிய சந்த் ராம், 1935 டிசம்பர் 12-இல் வந்துசேர்ந்த கடிதத்தில், தங்கள் வருஷாந்தர மகாநாட்டுக்கு அக்கிராசனம் வகிக்குமாறு அம்பேத்கரை அழைத்தார். அதற்கு இரண்டு மாதம் முந்தித்தான், அக்டோபர் 13-இல், இயோலா மகாநாட்டில், தாம் ஹிந்துவாகப் பிறந்தது தம் வசத்தில் இல்லை என்றாலும் ஹிந்துவாக மரிக்கப் போவதில்லை என்று அவர் பிரகடனம் செய்திருந்தார். அத்தகையவரைத் தலைமைப் பீடத்தில் அமர்த்த முன்வந்த மண்டலத்தின் தைரியம், லாகூரில் எழுந்த எதிர்ப்பின் முன்னே படிப்படியாகத் தளர்ந்தது. பிரசங்கத்தைக் கண்ணுற்ற மண்டலத்தாரின் பிரதிநிதி ஹர் பகவான், வேதங்களையும் சாஸ்திரங்களையும் பற்றிய கண்டனம் அநாவசியமானது என்றும், அப்பகுதிகளை நீக்கினால் நலம் என்றும் ஏப்ரல் 14-இல் எழுதினார். ஒரு காற்புள்ளியையும் மாற்றுவதற்கில்லை என்ற கருத்துப்பட ஏப்ரல் 27-இல் பதில் போயிற்று. மகாநாடு நின்றது.

பிரசங்கமோ பம்பாயிலேயே அச்சேறியிருந்தது. அச்சான தாள்களை மூலையில் போட்டுவைக்காமல், மண்டலத்தாருடன் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் முகவுரையில் சேர்த்து, மே 15-ஆந் தேதியிட்டு, அம்பேத்கர் அதை விற்பனைக்கு விட்டார். இந்த ஏற்பாட்டை நான் வெகுவாகப் போற்றுகிறேன். அழைத்தவர்கள் ஏன் பின்வாங்கினார்கள் என்பதை ஊர் வாயால் கேட்கவேண்டிய நிர்ப்பந்தம் வாசகனுக்கு நேராமல், இரு தரப்பாரின் எழுத்தையும் ஒருசேர வாசித்துத் தானே தீர்ப்புச் சொல்லும் நிலை அவனுக்கு வாய்த்தது.

மகாத்மா காந்தி ‘ஹரிஜன்’ பத்திரிகையில் ஜூலை 11-லும் 18-லும் இந்நூலை விமரிசித்து எழுதினார். அவர் எழுதியதால்தான் நூல் விற்றது என்று சிலர் கூறுவது காலக் கணக்குக்கு ஒவ்வாது. முதற் கட்டுரை வெளிவந்தபோது முகவுரையின் தேதிக்குப் பின் ஏறக்குறைய இரண்டு மாதம் கழிந்துவிட்டது. பிரசங்கத்தைக் கேட்கும் வாய்ப்பைப் பொதுஜனங்களுக்கு மறுத்த வரவேற்புக் கமிட்டியாரைக் கண்டித்த காந்தியடிகள், நூலின் முடிபுகளை ஏற்காதபோதிலும், எல்லோரும் அதை வாசிக்கவேண்டும் என்று விரும்பி, எட்டணாவை இரண்டணாவாக, அன்றி நாலணாவாகவேனும் குறைக்கலாமே என்று யோசனை கூறினார். 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவருடைய கட்டுரைகளையும் தம் மறுமொழியையும் அம்பேத்கர் சேர்த்துக்கொண்டார்.

விலையைப் பற்றிய அந்த யோசனை, இலங்கை மலைநாட்டுப் பட்டிப்பொலவிலிருந்து வாசிக்கும் எனக்குச் சாதாரணமாகத் தோன்றவில்லை. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 1929-இல் மலைநாட்டுத் தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. எட்டணா என்பது அரை ரூபாய், அதாவது ஐம்பது சதம். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆளெடுப்புக்கு, போய், பனியிலும் மழையிலும் மலையேறி, மாலையில் கொழுந்து நிறுத்து முடித்த பின் விழும் ஒரு பேரின், அதாவது ஒரு நாள் வேலையின், கூலியை அப்படியே கொடுத்தாலும், ஒரு பெண்ணால் அந்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கியிருக்க முடியாது.

இத்தனைக்கும் அந்நூல் பேசிய விஷயம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் அன்றாடம் நடமாடிய விஷயமே. கங்காணிமார் தத்தம் ஊரிலும் உறவிலும் சாதியிலும் ஆள் திரட்டிக் கொண்டுவந்தபடியால், கடல் கடந்தும் சாதி கடக்கவில்லை. லயத்து அறைகளான காம்பராக்கள் சாதி பார்த்தே பங்கிடப்பட்டன. பெரிய கங்காணி பெரும்பாலும் மேற்சாதியாராகவும், அவர் கணக்கில் கடன்பட்டுக் கிடந்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோராகவும் இருந்தனர். தொழில் பிரிவினை மட்டுமன்று, தொழிலாளரையே பிரித்துவைக்கும் ஏற்பாடு சாதி என்று அம்பேத்கர் நிறுவிய வாதத்துக்குத் தோட்டத்து லயத்தைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டியதில்லை.

ஆதலால், தமிழில் அந்நூல் வெகு சீக்கிரம் வந்தது பெரும் பாக்கியம். பெரியாரின் ‘குடி அரசு’ அதைத் தமிழாக்கி வெளியிட்டது. ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்பது தமிழ்ப் பெயர். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் நூல் ஏற்கெனவே வந்துவிட்டது என்றும், மராத்தி, ஹிந்தி, பஞ்சாபி, மலையாள மொழிபெயர்ப்புகள் தயாராகின்றன என்றும் அம்பேத்கர் குறிப்பிடுகிறார்.

மேடை மறுக்கப்பட்டவன் அச்சை நாடும் வழியை மலைநாடும் அறிந்திருந்தது. அந்நியர் தோட்டத்துக்குள் கால்வைக்கத் துரைமார் இடங்கொடாத காலத்தில் புடைவை வியாபாரியின் வேஷத்தில் லயங்களுக்குள் புகுந்த தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர், 1931-இல் அட்டனைக் கேந்திரமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்ததோடு, ‘நீ மயங்குவதேன்’ போன்ற நூல்களையும் எழுதினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள், இந்தியரை நாட்டைவிட்டு வெளியேற்றும் பேச்சு வலுத்த நாட்களில், 1940-இல், ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். வாசிக்கத் தெரியாதவரிடத்தும் பாட்டுப் போய்ச் சேரும் என்பதை அவ்வம்மையார் உணர்ந்திருந்தார்.

இன்றைக்கும் நம் தோட்டங்களில் கலியாணப் பேச்சு எழும்போதும் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை எவருக்கென்ற வழக்கு எழும்போதும் சாதி தலைநீட்டுகிறது. எட்டணாவும் நாலணாவும் இன்று தடையாக இல்லை. தமிழில் அந்நூல் மலிவாகவே கிடைக்கிறது. தோட்டத்து வாசிகசாலைகளை நடத்தும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அதில் ஒரு பிரதி வாங்கி வையுங்கள், வைத்ததோடு நில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேரைக் கூட்டி உரக்க வாசியுங்கள், காந்தியடிகளின் மறுப்பையும் அம்பேத்கரின் மறுமொழியையும் விடாமல் வாசியுங்கள்.