குருதியின் காவலர்



அடுப்பில் எரியும் நெருப்புச் சோறு சமைக்கும். அதுவே கூரையிற் பற்றினால் வீட்டை அழிக்கும். நமது உடலிலும் அத்தகைய பொருளொன்று உண்டு. அதன் பெயர் அக்ரின்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில், 1937இல் நோபல் பரிசு பெற்ற சென்ற் ஜோர்ஜியின் ஆய்வுகூடத்தில், இலோனா பங்கா என்னும் அம்மையார் தசையை அரைத்து உப்புக் கரைசலில் ஊறவைத்தார். இருபது நிமிடத்தில் வடித்தபோது சாறு நீர்த்திருந்தது. ஓரிரவு கழித்து வடித்தபோதோ தடித்திருந்தது. காரணம் யாது? மயோசின் என்னும் புரதத்தோடு மற்றொரு புரதமும் மெல்ல வெளிவருவதே காரணம் என்று புரூனோ ஸ்ட்ரௌப் கண்டார். 1942இல் வெளியான அப்புரதமே அக்ரின். போரினால் இச்செய்தி நெடுநாள் வெளியுலகை எட்டவில்லை.

தனித்தனி மணிகளாயிருக்கும் அக்ரின், உப்புச் சேர்ந்ததும் கோத்த மாலைபோல் இழையாகின்றது. தசை சுருங்குவதற்கு அவ்விழை இன்றியமையாதது. ஆனால் குருதியிலும் உப்பு உண்டன்றோ? தீக்காயத்தாலோ விபத்தாலோ கலங்கள் சிதைந்து அக்ரின் குருதியிற் கலந்தால், அங்கும் இழைகள் தோன்றி நுண்குழாய்களை அடைக்குமே!

இவ்வினாவிற்கு விடை வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. 1979இல் பொஸ்ரன் நகரில் ஹெலன் யின், தோமஸ் ஸ்ரொசெல் ஆகியோர், முயலின் நுரையீரற் கலங்களில் ஜெல்சொலின் என்னும் புரதத்தைக் கண்டனர். அதன் ஒரு வடிவம் குருதியிலும் உண்டெனப் பின்னர் தெரிந்தது. விற்றமின் 'டி'யைச் சுமந்து செல்லும் குருதிப் புரதம் அக்ரினையும் பற்றிக்கொள்வதை, 1980இல் பெல்ஜிய நாட்டு லூவன் நகர் ஆய்வாளர் வெளியிட்டனர்.

முன்னது இழையைத் துண்டித்து முனையை மூடுகின்றது. பின்னது உதிர்ந்த மணிகளைப் பற்றி, மீண்டும் கோவையுறாது தடுக்கின்றது. காவலரின் ஆற்றலுக்கும் எல்லையுண்டு. எலிகளின் குருதியில் மிகுதியாக அக்ரினைச் செலுத்தியபோது, நுரையீரற் குழாய்களில் இழைகள் அடைத்து அவை மாண்டன என்பது 1990இல் வெளியான ஆய்வு. கடுங்காயமுற்றோர் குருதியில் ஜெல்சொலின் குறைவதையும் மருத்துவர் கண்டுள்ளனர்.

சாறு ஏன் தடித்தது என்று வினவிய அம்மையாருக்கு, அவ்வினா காயமுற்றோர் படுக்கையருகே சென்று சேருமென்பது தெரிந்திராது. சிறு வினாவென எதையும் இகழாதிருப்போமாக.