ரயில் ஆர்வலரும் கொல்லம்–செங்கோட்டைத் தடமும்

எஞ்சின், தடம், நேர அட்டவணை ஆகியவற்றைப் பற்றுடன் கவனித்துப் பதிவு செய்வோர் ரயில் ஆர்வலர் எனப்படுவர். ஸ்ரீவராகம் முதலிய திருவனந்தபுரத்துப் பகுதிகளில் வாழும் ஆர்வலர் ஒரு நாள் முழுவதையும் ரயிலுக்கெனவே கழிக்கத்தக்க பாதைகளுள் கொல்லம்–செங்கோட்டைத் தடமே தலையாயது. 1904-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட இதன் நீட்சியாகவே 1918-இல் திருவனந்தபுரத்துக்கும் ரயில் வந்தது. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டரான மீட்டர் கேஜ் பாதை, 1,676 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. புனலூருக்குக் கிழக்கே ஏற்றம் கடுமையாதலின், பின்னிருந்து தள்ளுவதற்கு மற்றோர் எஞ்சின் இணைக்கப்படும் காட்சியையும், கழுதுருட்டி அருகே கருங்கல்லால் எழுந்த பதின்மூன்று கண் பாலத்தையும் காண அவர்கள் சன்னலோர இருக்கையை முன்கூட்டியே பிடித்துக்கொள்வர். ஆரியங்காவு கடந்ததும் மலைக்குகை வழியே வண்டி பகவதிபுரம் பக்கம் இறங்குகிறது.