நீராவி எஞ்சின் கொதிகலன் பராமரிப்பு: கடலூர் – சிதம்பரம் இருப்புப்பாதை

கடலூர், சிதம்பரம் வழியாக விழுப்புரத்தையும் மயிலாடுதுறையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1870களின் இறுதியில் அமைக்கப்பட்டது. 1874இல் உருவான தென்னிந்திய இரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதைகளில் இதுவும் ஒன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இங்கு நீராவி எஞ்சின்களே வண்டிகளை இழுத்தன. அவற்றின் பாதுகாப்பு பெரிதும் கொதிகலனைத் தூய்மையாக வைத்திருப்பதைச் சார்ந்திருந்தது.

நீரும் படிவும்

கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் ஆவியாகும்போது இவை கொதிகலனின் உட்சுவரில் கெட்டியான படிவாக ஒட்டிக்கொள்ளும். படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் எரிபொருள் வீணாவதுடன் நெருப்பறைத் தகடு அளவுக்கு மேல் சூடாகி வலுவிழக்கும். கடற்கரையோரங்களில் நிலத்தடி நீரில் உப்பு மிகுந்தால் கொதிகலன் நீர் நுரைத்து, நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் புகுந்துவிடும்.

கழுவும் முறை

லோகோ ஷெட்களில் குறிப்பிட்ட நாள் இடைவெளியில் கொதிகலன் கழுவப்பட்டது. முதலில் நெருப்பை இறக்கி, நீராவியை வெளியேற்றி, கொதிகலனை மெல்ல ஆறவிடுவர். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால் தகடுகள் சமமின்றிச் சுருங்கி இணைப்புகள் கசியும். ஆறியபின் கழுவு துளைகளின் மூடிகளைத் திறந்து, அழுத்தமுள்ள நீரைப் பாய்ச்சி, நீண்ட கம்பிகளால் படிவைச் சுரண்டுவர். நெருப்பறையைச் சுற்றியுள்ள நீர்ப்பகுதியின் அடியில்தான் சேறு மிகுதியாகத் தங்கும். தீக்குழாய்களில் படிந்த புகைக்கரியும் அகற்றப்படும்.

நெருப்பறையின் மேற்கூரையில் ஈயம் நிரப்பிய அடைப்பான் உண்டு. நீர்மட்டம் கூரைக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். அதன் மீது படிவு மூடினால் இந்தக் காப்பு பயனற்றுப்போகும். ஆகவே கழுவும்போது இதையும் நீர்மட்டக் கண்ணாடியையும் பாதுகாப்பு வால்வையும் சோதிப்பது கட்டாயமாக இருந்தது.

தொழிலாளர்கள்

எஞ்சினைத் துடைக்கும் கிளீனராகச் சேர்ந்தவர் பயர்மேனாகி, பின்னர் ஓட்டுநராக உயர்வதே வழக்கமான பணிப்படி. பெரிய பழுதுகள் தொடக்கத்தில் நாகப்பட்டினம் பணிமனையில் பார்க்கப்பட்டன. பணிமனைகள் திருச்சி பொன்மலையில் ஒன்றாக்கப்பட்டபோது ஆட்குறைப்பு அச்சம் எழுந்தது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ம. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் உள்ளிட்ட தலைவர்கள் சிறைப்பட்டனர்.

இன்றைய நிலை

டீசல் எஞ்சின்கள் வந்தபின் கொதிகலன் கழுவும் வேலை மறைந்தது. 2010இல் இப்பாதை அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. எனினும் அத்திறன் முற்றிலும் அழியவில்லை. நீலகிரி மலை இரயிலுக்கான நீராவி எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனை இக்காலத்திலும் உருவாக்கியுள்ளது. சிறிய மாதிரி எஞ்சின்களின் கொதிகலன்களுக்கும் இதே விதிகள் பொருந்தும்: தாது குறைந்த நீர், மெல்ல ஆறவிடுதல், ஓட்டம் முடிந்ததும் வடித்து உலர்த்துதல், பாதுகாப்பு வால்வை ஒவ்வொரு முறையும் சோதித்தல்.