பாயும் புலிச் சின்னமும் நம் வீட்டு டிரங்குப் பெட்டியும்



குடியரசு தினக் கண்காட்சிக்காக நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவன், இணையத்தில் வாங்கிய துணிச் சின்னம் ஒன்றைக் கொண்டுவந்தான். காவி, வெள்ளை, பச்சை. நடுவில் பாயும் புலி. மேலே ஜெர்மன் மொழியில் ‘சுதந்திர இந்தியா’. “நேதாஜி படையோடது அங்கிள்” என்றான். பக்கத்தில் நின்ற பெரியவர், “ஹிட்லர் படைச் சட்டையில தைச்சது தம்பி” என்றார். இருவர் சொன்னதும் சரிதான்.

1941 ஏப்ரலில் நேதாஜி பெர்லின் போய்ச் சேர்ந்தார். வட ஆப்பிரிக்கப் போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு அங்கே ஒரு படை திரட்டப்பட்டது. ஏறக்குறைய 3,000 பேர். ஜெர்மன் ராணுவச் சீருடை. சட்டைக் கையில் இந்தப் புலி. உறுதிமொழியில் ஹிட்லர் பெயரும் நேதாஜி பெயரும் சேர்ந்தே இருந்தன. 1943 பிப்ரவரியில் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியாவுக்குக் கிளம்பிவிட்டார். படை ஐரோப்பாவிலேயே நின்றது. 1944இல் அதை ஹிட்லரின் எஸ்.எஸ். பிரிவோடு சேர்த்துவிட்டார்கள்.

நம் டெல்டாக்காரர்களுக்குப் பழக்கமான இந்திய தேசிய ராணுவம் வேறு. அது 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமைக்கு வந்த படை. மலேயா தோட்டத் தமிழர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் இந்தப் புலியை வாங்குகிறார்கள்.

ஜெர்மன் ராணுவச் சின்னங்களுக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இருப்பதால் போலிகளும் ஏராளம். புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். வெண்மையூட்டி சேர்த்த நூல் போருக்குப் பிறகுதான் பரவலானது. ஆனால் ஒளிரவில்லை என்பதாலேயே அசல் ஆகிவிடாது. யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்ற விவரம் இல்லாத சின்னம், விலை எத்தனை சொன்னாலும், வெறும் துணிதான்.

அந்த விவரம் இலவசமாகக் கிடைக்கும் இடம் நம் வீட்டுப் பெட்டி. எங்கள் கிராமத்து வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் வட்டமான வெள்ளிப் பதக்கம் ஒன்று எடைக்குப் போய்க் கொலுசாக வந்தது. முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு தந்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் எந்தப் படையில் எங்கே போனார் என்பதை இனி யாரிடம் கேட்பது?

போகி வருகிறது. பழையன கழிக்குமுன் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். பதக்கம் கிடைத்தால் புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள், பெயர் அழிந்துவிடும். துணிச் சின்னத்தைத் துவைக்காதீர்கள். வெள்ளைத் தாளில் சுற்றி ஈரம் படாமல் வையுங்கள். பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கூடவே வையுங்கள்.

சிறுவனின் புலியைக் கண்காட்சியில் வைக்கத்தான் போகிறோம். அசலா என்று தெரியாது என்பதையும், அது எந்தச் சீருடையில் இருந்தது என்பதையும் அவனே பக்கத்தில் எழுதி வைப்பான். அதன் அருகில் உங்கள் வீட்டுப் பதக்கத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.